தங்கச்சியின் விரலும் கொழும்பு மெஷினும்

இலங்கையிலேயே முழுசாக டிஜிட்டலுக்கு மாறிய ஊர் எது தெரியுமா? நம்முடைய கல்முனை! சிரிக்காதீர்கள்... சொன்னது நானில்லை, மெஷின்.

போன மாதம், லொறி புக்கிங் கம்பனி ஒன்றின் ஆட்கள் கொழும்பிலிருந்து வந்து, இங்குள்ள தங்கள் கிளையில் இதற்காகக் கேக் வெட்டினார்கள். என் தங்கச்சி ஜெஸீமா வேலை பார்த்த கிளை. சரக்குக்காரருக்கு லொறி பிடித்துக் கொடுப்பது, லொறிக்காரருக்குச் சரக்குப் பிடித்துக் கொடுப்பது - அதுதான் தொழில். முன்பெல்லாம் போனிலேயே முடிந்துவிடும். பிறகு ஆப் வந்தது. இனி எல்லோரும் ஆப்பில்தான் புக் பண்ண வேண்டும் என்றது தலைமை அலுவலகம்.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? வழக்கம்போல ஜெஸீமாவுக்குப் போன் எடுத்தார்கள்.

மாவடிப்பள்ளியில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஹாஜியார் கதைப்பதை நானே பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

"மகள், நாளைக்கு அரிசி ஏத்தணும். லொறி ஒண்டு போடுங்க."

"ஆப்புல போடுங்க ஹாஜியார். லேசிதான்."

"எனக்கு ஏலா மகள். என்ட நம்பரப் போட்டு நீங்களே புக் பண்ணுங்க... ஆ, ரகசிய நம்பர் வந்திட்டு, சொல்லட்டா? அது சரி, டிரைவர் ஆரு? எந்த ஊர்ப் பொடியன்? லொறிய மூடுற படங்கு நல்லதா, மழைக்கு ஒழுகாதா?"

யாருக்கும் சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கையோடு வருகிற நம்பர் அது. ஹாஜியார் அதை ஸ்பீக்கரில் போட்டு, ஆலை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்! பாலமுனை மீன் முதலாளியும் அப்படித்தான். திரையை நம்பிச் சரக்கை அனுப்ப இவர்களுக்கு மனம் வராது. "லொறி வெளிக்கிட்டுட்டு" என்று ஒரு மனிதக் குரல் சொல்ல வேண்டும்.

ஆக, ஊரில் எல்லோருடைய பேரிலும் புக் பண்ணியது ஜெஸீமாவின் ஒரே ஒரு விரல்.

கொழும்பில் மெஷின் லேர்னிங் படித்த தம்பிமார் இருக்கிறார்களே... யார் ஆப்பில் புக் பண்ணுகிறார்கள், யார் பண்ணுவதில்லை, ஏன் என்று அறிய புக்கிங் விபரம் எல்லாவற்றையும் மெஷினுக்கு ஊட்டினார்கள். அதுவும் மென்று தின்று ஒரு முடிவு சொன்னது. கல்முனையில் ஆலைக்காரர் முதல் மீன் வியாபாரி வரை எல்லோரும் ஆப்பில்தான், ஒருவரும் தடுமாறுவதில்லை. ஆகவே, அங்கே போன் எடுக்க ஆள் தேவையில்லை!

கேக் வெட்டிய கையோடு ஜெஸீமாவிடம் சொல்லிவிட்டார்கள் - இந்த மாதத்தோடு போதும்.

அவள் புருஷன், என் மச்சான், கட்டாரிலிருந்து முதுகு நோவோடு திரும்பி வந்தவர். பாரம் தூக்க முடியாது. அந்த வீட்டுக்கு வருவது இவள் சம்பளம் ஒன்றுதான்.

"'நான்தான் எல்லாத்தையும் போட்ட' எண்டு நீ சொல்லலியா?" என்று அண்ணன்காரன் நான் கேட்டேன்.

"சொன்னன் காக்கா. 'ஒராள் சொல்றத விட டேட்டா சொல்றதுதான் மிஸ் சரி' எண்டுட்டாரு கொழும்புல இருந்து வந்த அந்த மெஷின் தம்பி."

எப்படி இருக்கிறது கதை? கல்முனையைப் படித்ததாக நினைத்துக்கொண்டு மெஷின் படித்தது என் தங்கச்சியை. அவள் நாலு தடவை பிழையாக அழுத்தியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும். மெஷினை நான் குறை சொல்லவில்லை, பாவம், காட்டியதைத்தானே அது பார்க்கும்? கேக் வெட்டுமுன் ஒரு பஸ் ஏறி வந்து, ஹாஜியாரோடு பிளேன்டீ குடித்து, "நீங்கள் எப்படிப் புக் பண்ணுகிறீர்கள்?" என்று கேட்க இந்தப் படித்த பிள்ளைகளுக்கு என்ன கேடு? மனிதரிடம் கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமா?

ஜெஸீமா வீட்டோடு இருந்துவிட்டாள். ஹாஜியார் பழைய தரகர் ஒருவரைப் போனில் பிடித்து அரிசியை அனுப்பினார். மீன் முதலாளியும் அதே தரகரிடம் போனார். ஆப்பில் கல்முனை அப்படியே படுத்துவிட்டது. கொழும்பில் மெஷின் வெள்ளமா, கடையடைப்பா என்று காரணம் தேடியதாம்.

நேற்று நான் தங்கச்சி வீட்டில் இருக்கும்போது அதே கொழும்புத் தம்பி அவளுக்குப் போன் எடுத்தார். குரலில் ஒரே பதற்றம்.

"மிஸ், சின்ன உதவி ஒண்டு. கல்முனையில ஒரு புக்கிங்கும் இல்ல. எங்களுக்கு விளங்குதே இல்ல. உங்கட ஊருக்கு என்ன நடந்த?"

மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே ஜெஸீமா சொன்னாள்:

"ஊருக்கு ஒண்டும் நடக்கல்ல தம்பி. வேலை போனது எனக்குத்தான்."