ரூத் டீச்சர் துரையாக்கிய அப்பா

ரூத் டீச்சர் கிள்ளானில் தம் தங்கை வீட்டில் காலமானார் என்ற செய்தி, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வந்தது. பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். நான் போனால் இப்படி அழுவார்களா என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. அவரை அறிந்த உங்களுக்கு, பிள்ளைகள் அழுதது வியப்பாக இராது.

பிரிக்பீல்ட்ஸ் பள்ளியில் எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். ஆங்கிலத்தில் அனுமதியைச் சொல்லும் வினைகளை இருவரும் ஒரே வாரத்தில் நடத்துவோம். ‘அலவ்’, ‘பெர்மிட்’ இரண்டும் ஆளைச் சொன்னபின் ‘டு’ கேட்கும், ‘லெட்’ கேட்காது. மதராசில் பி.ஏ. படித்து வந்த நான் விதியை எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொல்வேன். சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளித் தேர்வோடு நிறுத்திக்கொண்ட அவரோ, “அப்பா எதுக்கெல்லாம் விடுவாரு, சொல்லுங்கடி” என்பார். அப்பா தேர் பார்க்க விடுவார், சைக்கிளைத் தொட விடமாட்டார் என்று அந்தப் பக்கம் ஆங்கிலம் இரையும். என் பிள்ளைகளின் காதும் அங்கேதான் இருக்கும்.

ஒருநாள் அந்த இரைச்சல் நின்றது. செல்லம் என்ற பெண்ணின் முறை. வயதுக்கு வந்துவிட்டதால் அந்த மாதத்தோடு படிப்பை நிறுத்தப்போகிறார்கள் என்று அவள் தமிழில் சொன்னாள்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். ரூத் டீச்சரை முந்திவிட வேண்டும் என்ற அவசரமும் எனக்கு இருந்தது. செல்லத்தின் அப்பா ரயில்வேயில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கீழ் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றது நாயந்தான் டீச்சர். நாலு பேரு பேசுவாங்களே” என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை ரூத் டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார். உட்காரச் சொன்னார்கள், அவர் உட்காரவில்லை.

“அண்ணே, இன்னிக்கு நீங்கதான் தொரை. உங்க கிராணி பெர்மிஷன் கேக்க வந்திருக்கா.”

செல்லம் கைகட்டி, தலை குனிந்து, மேலே படிக்க அனுமதிக்கும்படி ஆங்கிலத்தில் கேட்டாள். அப்பா சிரித்தார்.

“தொரை அவ்ளோ சீக்கிரம் தரமாட்டாரு, டீச்சர்.”

“தெரியும்ணே. குடுக்கிற வரைக்கும் நிப்பா.”

அவள் நின்றாள். அப்பாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. மகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், “கைய இறக்கும்மா” என்றார். “தொரை முன்னால நான் நிக்கிறது போதும். நீ போய்ப் படி.”

திரும்பும் வழியில் ரூத் டீச்சர் கச்சான் கடலைப் பொட்டலம் வாங்கி என் கையிலும் கொட்டினார். “என்ன பி.ஏ., மொகம் இப்படி இருக்கு? அன்னிக்கு நீங்க வந்து பேசினதும் நல்லாத்தான் இருந்திருக்கும். கொஞ்சம் நீளம்.” கடைசிவரை என்னைப் பி.ஏ. என்றே கூப்பிட்டார்.

அடக்கத்துக்குச் செல்லம் வந்திருந்தாள். இப்போது கிள்ளானில் டீச்சராக இருக்கிறாள். “அன்னிக்கு அவங்க மட்டும் வரலேன்னா, டீச்சர்…” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அதற்கு முன்பே நான் போயிருந்தது அவள் நினைவில் இல்லை. நானும் நினைவூட்டவில்லை.

அவருடைய வகுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் மீதான இந்தப் பொறாமையைத்தான். அது என்னைச் சும்மா இருக்கவிடுவதில்லை. போன வாரம் இன்னொரு வீட்டில் பெண்ணின் படிப்பை நிறுத்தப் பார்த்தார்கள். போய், அவர் செய்தபடியே செய்தேன். பெண் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துவிட்டாள். “ரூத் டீச்சர் மாதிரியே கேக்கிறீங்க” என்று அந்த அப்பா சொன்னது மட்டும் இன்னும் உறுத்துகிறது.