குழிக்குக் கணக்கில் இடமில்லை

ஓசூரில் எங்கள் தெருமுனையில் உயர் அழுத்தக் கேபிள்களைத் தரைக்கடியில் இணைத்தவர்கள், அதற்காகத் தோண்டிய குழியை மூடாமல் போய்விட்டார்கள். மழை பெய்த ஒரு மாலை, டியூஷனிலிருந்து வந்த என் மகள் அதில் விழுந்தாள். கழுத்தளவு சேற்றுத் தண்ணீர். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் தூக்கிவிட்டார்கள். மணிக்கட்டு முறிந்ததோடு போயிற்று.

கேபிள் போட்டது நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அதே மின் அலுவலகம். மறுநாளே மேலதிகாரியின் முன் போய் நின்றேன்.

"கேபிள்ல கரண்டு விட்டாச்சு மேடம். வேல முடிஞ்சதுன்னு மார்ச்லயே சொத்துக் கணக்குல ஏத்தியாச்சு. இனி அந்த வேலைக்கு ஒரு கூடை மண்ணுகூட எழுத முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

"பராமரிப்புல எழுதுங்க சார்."

"புதுக் கேபிளுக்கு என்ன பராமரிப்பு? ஆடிட்ல கேப்பாங்க. பாப்பாவ அந்தப் பக்கம் போக வேணாம்னு சொல்லுங்களேன்."

எங்கள் தெருவுக்கு வேறு பக்கம் கிடையாது.

கேபிளின் விலை, மண் வெட்டிய கூலி, அதிகாரிகள் ஜீப்பில் வந்து எட்டிப் பார்த்த செலவு எல்லாம் சேர்ந்துதான் எங்களிடம் சொத்தின் மதிப்பாகிறது. பிள்ளை விழுகிற குழிக்கு மட்டும் அதில் இடமில்லை. கணக்கில் இல்லாத குழியில் அவள் எப்படி விழுந்தாள் என்று மேலதிகாரி என்னிடம் விளக்கம் கேட்கவில்லை, பெரிய மனது.

அவள் பள்ளிக்குத் திரும்பும் நாள் நெருங்கியது. நான் விடாமல் நச்சரித்ததில் பிரிவே கூடி யோசித்து ஒரு வழி கண்டது. கேபிள் பழுது பார்க்கத் தோண்டினால், மூடும் கூலியும் அந்தச் செலவிலேயே சேரும். ஆனால் தோண்ட வேண்டும். போட்டோ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள்.

"ஏன் மேஸ்திரி, இருக்கற குழியவே தோண்டச் சொல்றீங்க?"

"போட்டோ எடுக்கற வரைக்கும் தோண்டுடா. அப்புறம் மூடிக்கலாம்."

இன்னொருவர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, மேஸ்திரி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நல்ல கேபிளுக்கு இல்லாத பழுதை எழுதி, திறந்து கிடந்த குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கி, மூடினார்கள். மேலதிகாரி போனில் என்னிடம் நன்றியை எதிர்பார்த்தார். சொன்னேன்.

திங்களன்று அந்த மண்ணை மிதித்துப் பார்த்தேன். செருப்பு புதைந்தது. கெட்டிப்படுத்தித் தர வேண்டுமென்றால் அதற்கு எதைப் பழுதாக்கச் சொல்வார்கள் என்று கேட்கவில்லை. மகளின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடத்திக் கூட்டிப்போனேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. கையை உதறவில்லை.