அம்மன் மூட்டையில் கட்டிய டேக்

வெள்ளையன் திருடவில்லை. எதுவும் திருடுபோகவே இல்லை! குடோன் வாசலைத் தாண்டி அந்த டேக்கை எடுத்துப் போனவன் நான்தான். இதை எழுத வருடக்கணக்காகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். கொல்லிமலையில் ஒரு மிளகுக் குடோனைப் பார்த்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் இருப்புப் பார்க்க ஆட்கள் கூலிக்கு வந்து மூட்டைகளைப் புரட்டி எண்ணுவார்கள். அந்தச் செலவைக் குறைக்க மூட்டைக்கு மூட்டை ரேடியோ டேக் கட்டினார்கள். சின்ன பிளாஸ்டிக் அட்டைதான். வாசலைக் கடந்தால் போதும், அங்கே நிற்கும் மிஷின் தானே அறிந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடும்.

எங்கள் அறுவடையில் முதல் மூட்டை அம்மனுக்கு. மஞ்சள் பூசி மூலையில் வைப்போம். அதை யாரும் எண்ணக்கூடாது. டேக் கட்ட வந்தவர்கள் அதற்கும் கட்டிவிட்டார்கள்! அம்மன் பங்குக்கு நம்பரா? யாரிடமும் கேட்காமல் அறுத்தேன்.

மஞ்சள் ஒட்டியதைக் குப்பையில் போடலாமா? சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப்போய், ஓடையில் விட்டுக் கும்பிட்டேன். அது மூழ்கவில்லை... மிதந்து போனது.

மிஷினுக்கு என்ன தெரியும்? டேக் போனால் மூட்டை போனது! மறுநாள் காலையில் அம்மன் மூட்டையும் கோயிலுக்குப் போய்விட்டது. அதன் பிறகு மானேஜர் வந்தார். லாரியில் ஏறாத மூட்டை ஒன்று வெளியே போனதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. அந்த நேரத்தில் சுமை ஏற்றிக்கொண்டிருந்தவன் வெள்ளையன்.

“ஏனுங்க, மிஷினுக்கு உங்க மேல பகைங்களா? மூட்டை எங்கீங்க?” என்று அவனைக் கேட்டார் மானேஜர்.

வெள்ளையன் சிரித்தான். “மடியில கட்டிக்கிட்டா போனேன்? நல்லா இருக்குதுங்க நாயம்!” பிறகு சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பினான். “அண்ணா, நீங்க சொல்லுங்கண்ணா.”

நான் தரையைப் பார்த்தேன். டேக்கை அறுத்தேன் என்றால் வேலை போகும். மூட்டையையும் நானே எடுத்தேன் என்பார்கள்...

“அப்ப கோயிலுக்கு வாங்க” என்றான். அங்கே அம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தான். “நான் எடுத்திருந்தா என் ஊடு வெளங்காம போகட்டும், தாயே!”

நான் பக்கத்தில் நின்றேன். எங்கள் முன்னால் அதே மூட்டை, மஞ்சளோடு! அதற்கு டேக் கட்டியிருந்தது அவனுக்குத் தெரியாது. மானேஜருக்கு அது வெறும் நம்பர். ஒரு சொல் போதும்... வாய் வரவில்லை.

மிஷின் பொய் சொல்லாது என்று அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு மலையடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிவிட்டான். “வாரேனுங்கண்ணா” என்று என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனான்!

அவன் செய்த சத்தியம் உண்மை. அப்படியானால் அந்தச் சாபம் எந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறது? என் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அதுவோ என்று நடுங்குகிறேன். விளக்கேற்றும்போது அம்மன் படத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சொல்லத் துணிந்தாலும் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஓடையோடு போயிற்றே!

நாளை இந்த வருடத்து முதல் மூட்டை வருகிறது. டேக் கட்டுவது இப்போது என் வேலை.

நீங்கள் புளியஞ்சோலைப் பக்கம் போனால் வெள்ளையனுக்கு இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். பாவம், பயந்துவிட்டான் என்று எனக்காக இளக்கிச் சொல்லாதீர்கள். தெரிந்தே பேசாமல் நின்றான் என்றே சொல்லுங்கள்.