தகரத்தில் வளர்ந்த கறிவேப்பிலை

கறிவேப்பிலையை நினைத்தால் மற்றவர்களுக்குத் தாளித்த மணம் ஞாபகம் வரும். எனக்கு எரிச்சல்தான் வரும். இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஆயம்மா உத்தியோகம் பார்த்தவள் நான்.

மல்லியும் செத்தல் மிளகாயும் சீரகமும் எங்கள் பக்கத்துக் கடையிலேயே கிடைத்தன. கறிவேப்பிலை மட்டும் அந்தக் குளிரில் லேசில் வளராது. கீழே றொசல்லயில், அம்மா பிறந்த லயத்துக்குப் பின்னால், அது கேட்பாரற்று மண்டிக் கிடந்தது. அங்கிருந்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு பக்கக் கன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதை ஒரு பழைய பெயின்ட் தகரத்தில் வைத்தாள். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

காலையில் வெயில் வந்ததும் தகரத்தை வாசலுக்குத் தூக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் அடுப்படிக்குத் தூக்கி வர வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரை அதற்குத்தான் ஊற்ற வேண்டும். தை, மாசிப் பனிக்கு அதற்கு ஒரு போர்வையும் உண்டு. மழைக்கு நான் தலையில் போடும் கம்பளிதான் அது. தகரத்தின் விளிம்பு என் விரலைக் கிழித்த அன்று அம்மா ஓடி வந்து, "பாத்துத் தூக்குடி, எல உதிர்ந்துரப் போவுது" என்றாள். விரலைப் பற்றி ஒரு பேச்சில்லை.

இவ்வளவு பாடுபட்டதற்கு வாய்க்காவது ருசி உண்டா? பருப்புக் கறிக்கு ஒரே ஓர் இணுக்கு. உலகத்துப் பிள்ளைகளெல்லாம் கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்கும். எங்கள் வீட்டில் அதை மென்று விழுங்க வேண்டும்.

லயத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய அடுத்த காம்பராவில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, நல்ல யோசனைதான் சொன்னார். அடுப்புச் சுவருக்குப் பின்னால் மண்ணில் இறக்கி வைத்தால் சுவரின் சூட்டுக்குச் செடி பிழைத்துக்கொள்ளும், லயத்துக்கே இலை கிடைக்கும் என்றார். அம்மா, "பாப்போங்க மதினி" என்று சொல்லிவிட்டு என்னைத் தகரத்தைத் தூக்கச் சொன்னாள். நான் கெஞ்சினேன், அழுதேன், சோறு வேண்டாம் என்றேன். எதுவும் எடுபடவில்லை.

கடைசியில் அப்பாவிடம் பிராது வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே அவர், மண்ணில் வைத்துத் தொலைத்தால் என்ன என்று கேட்டார்.

"தகரத்துல இருந்தாத்தான் போறப்ப தூக்கிட்டுப் போகலாம்" என்றாள் அம்மா.

தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் இந்தியாவுக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. மாமா வீட்டில் எல்லோருக்கும் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டு, பயணத்துக்குக் காத்திருந்தார்கள்.

"யாரு போறது? நான் எழுதிப் போடவே இல்லையே" என்றார் அப்பா.

"எழுதிப் போடுங்கன்னுதான் நானும் சொல்றேன்."

அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டார். எனக்கு வந்த கவலையே வேறு. இந்தியா வரைக்கும் இந்தத் தகரத்தைத் தூக்கப்போவது யார்? சந்தேகமென்ன, நான்தான். அத்தையிடம் போய்ப் புலம்பினேன். அந்த ஊரில் கறிவேப்பிலையைக் கூடை கூடையாக விற்பார்களே, இங்கிருந்து வேறு கட்டிச் சுமக்க வேண்டுமா என்று அத்தை சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மாமா குடும்பம் புறப்பட்ட அன்று நாங்கள் மூவரும் றொசல்ல ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் ஜன்னலிலிருந்து மாமா, "நீங்க எப்பக்கா வருவீங்க?" என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா இஞ்சின் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்கிக்கொண்டு வந்தவள், அடுப்புச் சுவருக்குப் பின்னால் அம்மா குழி தோண்டுவதைப் பார்த்தேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் தகரத்தைக் கிழித்திருந்தாள். செடியைக் குழியில் இறக்கி, இரண்டு கையாலும் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்ற அப்பா, தான் தோண்டித் தரட்டுமா என்று கேட்டார்.

"வேணாங்க. முடிஞ்சிருச்சு" என்றாள் அம்மா.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெறுந்தகரத்தை லயத்து வாசல் நீளத்துக்கும் கடகடவென்று உதைத்துக்கொண்டு போனேன். வேறொரு நாளாக இருந்தால் முதுகு பழுத்திருக்கும். அன்று அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானப் பருப்பில் ஒரு கைப்பிடி இலை கிடந்தது. வேண்டுமென்றே எல்லாவற்றையும் தட்டோரம் ஒதுக்கினேன். அதற்கும் ஏச்சு இல்லை.

அம்மா எதை மண்ணில் வைத்து மூடினாள் என்பது எனக்கு எட்டவில்லை. அது எட்டப் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு என் நச்சரிப்புதான் ஜெயித்தது என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இருட்டும் நேரத்தில் அடுப்படிக்குப் போய் அம்மாவிடமும் சொன்னேன்.

"ஆமாடி, நீ சொன்னபடிதான் ஆச்சு" என்று சொல்லிவிட்டு, செடிக்குப் போர்த்தும் என் கம்பளியை உதறி மடித்துக் கையில் கொடுத்தாள்.