யாரும் பார்க்காத நீலப் பெயிண்ட்

மீட்டரின் கருப்பு முனையை பேட்டரியின் மைனஸிலும், சிவப்பு முனையை அடிச்சட்டமான சேஸிஸ் இரும்பிலும் அழுத்திப் பிடித்திருந்தன அந்தக் கைகள். தலை டிரெய்லருக்கு அடியில் இருந்தது. குரல் மட்டும் வெளியே வந்தது.

"அண்ணி, ஃபிரிட்ஜைப் போடுங்க."

உள்ளே விளக்கு மங்கியது. ஃபிரிட்ஜ் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் அவளுக்கு மீட்டரம்மா என்றுதான் பேர். எதையும் ஓடவிட்டுத்தான் அளப்பாள். சும்மா நிற்கும் வண்டி பொய் சொல்லும் என்பாள்.

காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் அந்த வீட்டு டிரெய்லர் ஒரு கார் பெயிண்டருடையது. விடிந்தால் அவரும், உள்ளே ஃபிரிட்ஜைப் போட்ட அவர் மனைவியும் மனைவியின் தங்கை வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். நீண்ட பயணம். மனைவியின் இன்சுலின் குளிரில் இருந்தாக வேண்டும். ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் பயணம் இல்லை. பெயிண்டர் ஏற்கெனவே இரண்டு முறை புது பேட்டரி மாட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னொண்ணு வாங்கிடட்டுமாம்மா?"

"தலைவலிக்குத் தலையணையை மாத்துற கதையா இருக்கு அண்ணே. பேட்டரி நல்லாத்தான் இருக்கு. போன கரண்ட் திரும்பி வர்ற வழியிலதான் அடைப்பு. இங்கயே ரெண்டு வோல்ட்டை முழுங்குது."

எர்த் வயரைச் சேஸிஸோடு இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினாள். வயர் நுனி வளையத்துக்கு அடியில் கண்ணாடிபோல் நீலப் பெயிண்ட்.

பெயிண்டர் குனிந்து பார்த்தார். "மூணு கோட்டு. வயரைக் கழட்டி வெச்சிட்டு அடிச்சேன். ஒரு தூசி கெடையாது."

"கரண்டும் கெடையாது. பெயிண்டைத் தாண்டி அது எப்படிப் போகும்?"

மனைவி வாசலில் வந்து நின்றாள். "சமையலறைச் சுவருக்கு ஒரு கோட்டு அடிக்கச் சொல்லி வருஷக்கணக்காச்சு. யாரும் பார்க்காத இரும்புக்கு மூணு."

மீட்டரம்மா உப்புத்தாளை எடுத்தாள். பிள்ளைக்கு ஊசி போடுகையில் தகப்பன் திரும்பிக்கொள்வதைப்போல் பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சுரண்டாம முடியாதா?"

"உங்களுக்குப் பெயிண்ட் வேணுமா, நான் வேணுமா?" என்றாள் மனைவி.

பதில் வரச் சற்றே தாமதமானது. அந்தத் தாமதத்தை மனைவி கவனித்துக்கொண்டாள். அதைப் பெயிண்டரும் கவனித்தார்.

"குடும்மா. என் பெயிண்டு, நானே எடுக்கிறேன்."

வளையம் உட்காரும் அளவுக்கு, ஒரு மயிரிழை கூடாமல், வட்டமாகத் தேய்த்தார். இரும்பு பளபளத்தது. மீட்டரம்மா போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினாள். ஃபிரிட்ஜைப் போட்டதும், முன்பு இரண்டு வோல்ட் காட்டிய மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நின்றது. விளக்கு அசையவில்லை. உள்ளே வைத்த தண்ணீர் சில்லென்று ஆகும்வரை ஓடவிட்டாள். பிறகுதான் மனைவி மருந்துப் பெட்டியை உள்ளே வைத்தாள்.

மீட்டரம்மாவிடம் இருந்த டிரெய்லர் சாவிக்குப் பெயிண்டர் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டி மனைவியிடம் கொடுத்தாள்.

"அண்ணி, வழியில அண்ணன் பெயிண்ட் டப்பாவைத் தொட்டா எனக்கு ஒரு போன் போடுங்க."