மேல் லயத்துக்கு ஏறிய ஆட்டோ

போன செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் இறங்காமலே, "அண்ணாச்சி, நம்ம மெம்பரம்மா தூக்கத்திலயே போயிட்டாக" என்றார். பஞ்சாயத்து மெம்பர் பேச்சியம்மாளை எதிர்த்து இரண்டு தேர்தலில் நின்று, இரண்டிலும் தோற்றவன் நான். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன்.

மூணாறுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் மேல் லயத்தை நீங்கள் அறிவீர்கள். அப்போதெல்லாம் ஜீப்பே பாதி தூரம்தான் வரும். பிரசவ வலி கண்டவளைக் கம்பளியில் கட்டித்தான் கீழே இறக்குவோம். அந்த நாளில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் சுயேச்சையாக நின்றார். கிடைத்த சின்னம் ஆட்டோ. கட்சி வேட்பாளரான என் வாய் சும்மா இருக்குமா? மைக்கைப் பிடித்து, "ஆட்டோவே ஏறாத லயத்துக்கு ஆட்டோ சின்னமாம்!" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் அதே இடத்தில் அவர் பேசினார்.

"அண்ணாச்சி சொன்னது நெசந்தான். ஆட்டோ ஏறாது. ஏத்தத்தான் நிக்கேன்."

அவ்வளவுதான் அவர் பிரசாரம். எடுத்துக் கொடுத்தவன் நான். மண்ணைக் கவ்வியவனும் நானே.

ஜெயித்தாலும் சாலை வந்துவிடுமா? நிலம் தோட்டத்துடையது. மேனேஜர் சம்மதக் கடிதம் தராமல் பஞ்சாயத்து ஒரு கல் போட முடியாது. கேட்டுக் கேட்டு ஐந்து வருடம் ஓடியது. அடுத்த முறை வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் நான் தப்பித்தேன். அவர் மறுபடி ஜெயித்தார். ஜெயித்ததும் கிராமசபையை மேல் லயத்திலேயே கூட்டினார், அதுவும் அடைமழையில். மேனேஜரையும் விடாமல் அழைத்திருந்தார். மனுஷர் ஏறி வருவதற்குள் ஒரு ஷூ சேற்றோடு போய்விட்டது. பேச்சியம்மாள் கால் கழுவ வெந்நீர் கொடுத்தார், சுக்குக் காப்பி கொடுத்தார், பிறகு சொன்னார்: "சாரே, நீங்க ஒரு நா வந்தீக. எங்க பிள்ளைக தெனமும் வருதுக."

ஒற்றை ஷூவைப் பார்த்து மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரமே கடிதமும் வந்தது.

சாலை முடிந்ததும் முதல் ஆட்டோவில் ஏற ஆளாளுக்குப் போட்டி. அவரோ கூட்டத்தில் ஒளிந்திருந்த என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏறுங்க அண்ணாச்சி. ஒங்க மைக்காலதான இந்த ரோடே வந்துச்சு!" வழி முழுக்க ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம்.

அவரைக் கொண்டுபோன அன்றும் ஆட்டோக்கள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டுதான் இறங்கின. அதைத்தான் அவர் விரும்பியிருப்பார்.

ஒன்றை மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன். கட்சிக்காரர்கள் மன்னிக்கட்டும். கடைசித் தேர்தலில் மறுபடி அவருக்கு எதிராக என்னையே நிறுத்தினார்கள். வாக்குச்சாவடி மறைவில் என் பெயருக்கு நேராக விரலைக் கொண்டுபோனேன். அது நகர்ந்து ஆட்டோவை அழுத்தியது. அவரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லயம் லயமாகப் போய்ச் சொல்லிச் சிரித்திருப்பார். பேச்சியம்மாளின் நினைவாக நான் வைத்திருப்பது அந்த ஒற்றை ஓட்டுதான். என் அரசியல் வாழ்வில் நான் ஜெயிக்க வைத்த ஒரே வேட்பாளர் அவர்.