அமெரிக்காவுக்கும் மரைக்காயர் உண்டு

போன வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு, எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நடந்தது.

சிரிக்காதீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பள்ளிக்குப் புதுத் தலைவரைத் தெரிவு செய்ய வேண்டும். போட்டிக்கு இரண்டு பேர். ஒருவர் மேட்டுப் பக்கத்து மீராலெவ்வை ஹாஜியார் – வயல் காணி உள்ளவர், கல்முனையில் கடை உள்ளவர், இரண்டையும் நமக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும் குரலும் உள்ளவர். மற்றவர் ஆதம்பாவா காக்கா – கரைவலைத் தோணிக்காரர். ஹாஜியார் வந்தால் பள்ளிக்குப் புது மினாரா. காக்கா வந்தால் கடலோர மையவாடிக்குக் கல்லணை.

மேட்டுப் பக்கத்தில் யாராவது இறந்தால் பள்ளியோடு ஒட்டிய மையவாடியில் அடக்குவார்கள். கடற்கரைச் சனத்துக்குக் கடலோர மையவாடி. எழுபத்தெட்டுச் சூறாவளி அதன் மதிலைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து மாரிக்கு மாரி கடல் உள்ளே வருகிறது. ஆதம்பாவா காக்காவின் வாப்பாவை அடக்கிய கபுறுக்கும் அலைக்கும் இடையில் இப்போது ஒரு தோணியை நீட்டிப் போட இடமில்லை. இந்த வருடத்து மாரியும் தொடங்கிவிட்டது.

ஊரில் பாதிக்கு மேல் கடற்கரைச் சனம். கையை உயர்த்தச் சொன்னால் காக்காதான் தலைவர். ஆனால் எங்கள் பள்ளியில் யார் கையைக் கேட்டார்கள்? குடிக்கு ஒரு மரைக்காயர், அந்தக் குடியின் பெரியவர். மரைக்காயர்மார் உள்ளறைக்குள் போவார்கள், கதவைச் சாத்துவார்கள், தலைவரோடு வெளியே வருவார்கள். நாம் ஸலவாத்துச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேட வேண்டியதுதான்.

குடி என்பது உம்மா வழியாக வரும் வம்சம். கடற்கரை முழுவதும் இரண்டே குடி. இந்தக் குடி அந்தக் குடியில் பெண் எடுக்கும், அந்தக் குடி இந்தக் குடியில் எடுக்கும். ஆக, இரண்டு மரைக்காயர். மேட்டுப் பக்கத்தில் ஏழு குடி. அதில் ஒன்று இருக்கிறது பாருங்கள்… சஹன் தட்டுக்கு ஆறு பேர் என்று கந்தூரிச் சோற்றுக்கு இருத்தினால், அந்தக் குடியின் ஆண்கள் அத்தனை பேரும் இரண்டு சஹனுக்குள் அடங்கிவிடுவார்கள். அதற்கும் ஒரு மரைக்காயர்!

இந்த அநியாயத்துக்கு எதிராகத்தான் ஆதம்பாவா காக்கா எழும்பினார்.

"நான் ஒண்டு கேக்கட்டா? ரேடியோவில சென்னாங்க, அமெரிக்காவில இந்தக் கிழமை ஜனாதிபதி எலக்சன் நடந்திரிக்கி. அங்க கொட்டில்ல இரிக்கிறவனுக்கும் ஒரு வோட்டு, கோடீஸ்வரனுக்கும் ஒரு வோட்டு. அம்மாம் பெரிய நாடே அப்பிடிச் செய்யுது. நம்மட பள்ளிக்கு மட்டும் என்னத்துக்கு இந்த மரைக்காயர் வேலை? சனத்துக்கிட்ட கையை உயத்தச் செல்லுங்க!"

"ஓம், ஓம்! அதான் நியாயம்!" – பின்வரிசையில் பெரிய சத்தம்.

ஹாஜியார் பதறவில்லை. பேப்பருக்கு எழுதும் என் பக்கம் திரும்பினார்.

"நம்மட பேப்பர்க்காரர் இரிக்காரே. அவருக்கிட்டயே கேப்பம். தம்பி, அமெரிக்காவில சனமா ஜனாதிபதியத் தெரியிற?"

நிற்பது பள்ளிக்குள். பொய் சொல்ல முடியுமா? சொன்னேன்.

அங்கே சனம் வோட்டுப் போடுவது உண்மை. ஆனால் அது போய்ச் சேருவது ஜனாதிபதியைத் தெரிவு செய்யப்போகும் ஐந்நூற்று முப்பத்தெட்டுப் பேருக்கு. மாநிலத்துக்கு இத்தனை என்று பங்கு. பெரிய மாநிலத்துக்குக் கூடுதல்தான். ஆனால் ஆளே இல்லாத பனிக்காட்டு மாநிலத்துக்கும் மூன்றுக்குக் குறையாது. ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும், ஒரே ஒரு வோட்டுக் கூடுதலாக எடுத்தவருக்கே முழுப் பங்கும். மற்றவருக்குப் போட்ட லட்சக்கணக்கான வோட்டு? குப்பை! இருநூற்றெழுபது பேரைச் சேர்த்தவர் ஜனாதிபதி. சனத்திடம் கூடுதல் வோட்டு எடுத்தவர் தோற்று வீட்டுக்குப் போன கூத்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்திருக்கிறது.

ஒருவருக்கும் இருநூற்றெழுபது தேறாவிட்டால்? பிரதிநிதிகள் சபை கூடும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வோட்டு. கோடி சனமுள்ள மாநிலத்துக்கும் ஒன்று, இரண்டு சஹன் மாநிலத்துக்கும் ஒன்று!

ஹாஜியாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெருநாள் பிறை கண்டவர் மாதிரி.

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப அமெரிக்காக்காரனுக்கும் மரைக்காயர் இரிக்கி!"

"அது நல்ல முறை இல்ல ஹாஜியார்" என்று கத்தினேன். "குதிரையில போய்ச் சேதி சென்ன காலத்தில, ஏழை சனத்த நம்பாத பணக்காரனுகள் போட்ட சட்டம். அத இன்னும் கட்டிப் பிடிச்சிட்டு இரிக்காங்க!"

யார் கேட்டார்? நான் சொன்ன உண்மையில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஹாஜியார் மரைக்காயர்மாரோடு உள்ளறைக்குப் போய்விட்டார்.

சந்திரனுக்கு ஆள் அனுப்பிய நாடு! உலகத்துக்கெல்லாம் ஜனநாயகம் படிப்பிக்கும் நாடு! கடையில் சாமான் கட்டிவரும் காகிதத்தைக் கூட நாம் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் எறிவோம். அவர்கள் பாதி நாட்டின் வோட்டை எண்ணிய கையோடு எறிகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன், எண்பத்திரண்டில், நாமே நேராக ஜனாதிபதிக்கு வோட்டுப் போட்டோம். நம்முடைய எலக்சனில் நூறு ஊத்தை இருக்கலாம்… ஆனால் நடுவில் மரைக்காயர் இல்லையே!

ஒன்று மட்டும் விளங்குகிறது. சனத்தை நம்பாதவர்களுக்கு எந்த நாட்டிலும் ஓர் உள்ளறை தேவைப்படுகிறது. அதற்கு அவர்கள் வைக்கும் பெயர்தான் வேறு வேறு. ஓரிடத்தில் அரசியல் சட்டம், ஓரிடத்தில் ஊர் வழக்கம்.

கதவு திறந்தது. ஏழுக்கு இரண்டு. ஹாஜியார் தலைவர். எல்லோருக்கும் பிளேன்டீயும் தொதலும் கொடுத்தார்கள். கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். வேறென்ன செய்வது?

வாசலில் ஆதம்பாவா காக்கா எனக்காகக் காத்து நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"தம்பி, கூடுதலான சனம் கேட்டாலும் அங்க தோத்துப் போகலாமா?"

"ஓம் காக்கா. போகலாம்."

கடல் பக்கம் திரும்பினார். பள்ளிவரைக்கும் கடல் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப அமெரிக்காவிலயும் மினாராதான் எழும்பும், தம்பி. கபுறு கடலுக்குத்தான்."